அசல் உருக்கு

லிஃப்ட்காரரின் சைக்கிளை வாங்க ஆள் இருந்தது. விற்கிறவருக்கு அவசரம், வாங்குகிறவருக்கு ஆசை. எந்தச் சந்தையிலும் இந்த இரண்டும் கூடினால் கால் மணி நேரத்தில் கை மாறிவிடும். இங்கே நடுவில் ஒரு கழகம் இருந்தது.

லிஃப்ட்காரர் என்று எல்லோரும் அழைத்தாலும் அவர் லிஃப்டில் ஏறி இறங்குகிறவர் அல்லர். அதைப் பழுது பார்க்கிறவர். முப்பத்தெட்டுக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வீடு மூன்றாம் மாடியில், ஐம்பத்து நான்கு படிகளுக்கு மேலே. எட்டு மாதங்களுக்கு முன் அவருடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் மேலே தூக்கி வந்தார்கள். அதன் பிறகு அக்கா கீழே இறங்கவில்லை. வீட்டுக்குள் கம்பை ஊன்றிக்கொண்டு நடமாடுவாள். படி என்றால் கால் மறுத்துவிடும். நாக்குக்கு அந்தச் சிக்கல் இல்லை.

"ஊர்ல இருக்கிறவன் எல்லாரையும் ஏத்தி எறக்குற. கூடப் பொறந்தவள எறக்க உனக்கு வழியில்ல. பேசாம ஏதாவது ஆபீஸ் கட்டடத்துல என்னைக் கொண்டுபோய் வெச்சிடு. போற வர்றவங்களுக்கு பட்டன் அமுக்கி விட்டுட்டு உக்காந்திருக்கேன்."

அந்த மாதம் முதல் தேதி, அதே கட்டடத்தின் தரைத்தள வீடு காலியானது. வாசலில் ஒரே ஒரு படி. வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கும் ஒரு தேதி உண்டு. "முப்பதாம் தேதி வரைக்கும் பூட்டி வெக்கிறேன். அட்வான்ஸ் அறுபதாயிரம். அதுக்கு மேல கேக்காதீங்க, எனக்கும் வயிறு இருக்கு" என்றார்.

லிஃப்ட்காரரிடம் அறுபதாயிரம் இல்லை. சைக்கிள் இருந்தது.

ஐந்து வருடங்களுக்கு முன், இடிக்கப்போகிற ஒரு பழைய கட்டடத்தின் மோட்டார் அறையில் கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் அது கிடந்தது. "எடுத்துட்டுப் போங்க, குப்பை குறையும்" என்றார்கள். கனத்த உருக்குக் குழாய்கள். ஒவ்வொரு மூட்டிலும் பித்தளைப் பற்று வைத்து, பூவிதழ்போல் ராவி விட்டிருந்தார்கள். அவர் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வராந்தாவில் உட்கார்ந்து அதை அக்கக்காகக் கழற்றினார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து, ஹப்புகளில் புது பால்ரஸ் போட்டு, கறுப்புப் பெயிண்ட் அடித்து, மட்கார்டில் பொன்னிறக் கோடு இழுத்தார். கோடு இழுக்க மட்டும் ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அன்றிலிருந்து அதில்தான் வேலைக்குப் போய்வந்தார்.

இரண்டாம் தேதி ஒரு மருத்துவக் கட்டடத்தின் லிஃப்டில் பல் டாக்டர் ஒருவர் மாட்டிக்கொண்டார். இருபது நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்ட லிஃப்ட்காரரிடம் அவர் நன்றி சொல்லத் திரும்பினார், சொல்லவில்லை. படிக்கட்டின் அடியில் சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்துவிட்டார். கோட்டோடு தரையில் மண்டியிட்டார்.

"இத எங்க புடிச்சீங்க?"

"புடிக்கல சார். கெடந்துச்சு."

பல் டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அறுபது தரேன். அறுபதாயிரம்."

லிஃப்ட்காரருக்குக் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. தான் வாய்விட்டு எதையும் சொல்லவில்லையே என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

"எடுத்துக்கோங்க சார். இன்னைக்கே."

"இன்னைக்கு முடியாது. நான் பழஞ்சைக்கிள் கழகத்துல உறுப்பினர். கழகத்தோட மதிப்பீட்டுச் சான்று இல்லாத வண்டிய உறுப்பினர் வாங்கக் கூடாது. வாங்கினா நீக்கிடுவாங்க."

"நீக்கினா என்ன சார் ஆகும்?"

எல்லாப் பல்லையும் பிடுங்கினால் என்ன ஆகும் என்று கேட்ட நோயாளியைப் பார்ப்பதுபோல் டாக்டர் பார்த்தார். "என்கிட்ட பதினோரு வண்டி இருக்கு. நான் உறுப்பினரா இருக்கிற வரைக்கும்தான் அதுக்கெல்லாம் விலை. வெளிய வந்தா அது பதினோரு சைக்கிள்."

சாமி வரம் கொடுத்தாயிற்று. பூசாரியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகவேண்டியிருந்தது.

*

கழகம் ஒரு மரச்சாமான் கிடங்கின் மேல்மாடியில் இருந்தது. வாசலில் முப்பது கார்கள் நின்றன. லிஃப்ட்காரர் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் உள்ளே திரும்பினார். காவலாளி குறுக்கே பாய்ந்தார்.

"சைக்கிள உள்ள விடக் கூடாதுங்க."

"இது சைக்கிள் கழகம்தானே?"

"ஆமாங்க. அதனாலதான்."

அதற்குள் மாடி ஜன்னலிலிருந்து யாரோ அலறினார்கள். செயலாளர் வண்டியைப் போர்த்த ஒரு கம்பளியோடு இறங்கி ஓடிவந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பு கணக்கிட்டு ஓய்வு பெற்றவர். முகத்தில் எப்போதும் ஒரு விபத்துக்கு வந்து சேர்ந்த தோரணை.

"ஓட்டிட்டா வந்தீங்க?"

"ஆமாங்க."

"எவ்வளவு தூரம்?"

"ஏழு கிலோமீட்டர்."

"கிலோமீட்டருக்கு அரை மதிப்பெண் கழிவு." செயலாளர் குறித்துக்கொண்டார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது ஓட்டியிருக்கீங்களா?"

லிஃப்ட்காரருக்குப் பெருமையாக இருந்தது. வண்டியின் உழைப்பைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல இடம் வாய்க்காது. "மூணு வருஷமா தினம் ஓட்டுறேங்க. போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர். ஒரு நாள்கூட நடுவழியில விட்டதில்ல."

பின்னால் நின்ற பல் டாக்டர் கண்களை மூடிக்கொண்டார். செயலாளர் பேனாவை மூடினார். அந்தப் பெருக்கலுக்குப் படிவத்தில் இடம் போதவில்லை.

மேலே மண்டபத்தில் சைக்கிள்கள் கயிறுகளில் தொங்கின. ஒன்றின் டயரும் தரையைத் தொடவில்லை. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே விளக்கொளியில் ஒரு வண்டி. அது தலைவருடையது. கழகத்தில் மற்ற ஒவ்வொரு வண்டியின் மதிப்பும் அதற்கு நூற்றுக்கு எத்தனை பங்கு என்றுதான் கணக்கிடப்பட்டது. தலைவர், சுங்கத்துறையில் முப்பது வருடம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவர், அதனருகில் நின்றிருந்தார்.

"சொல்லுங்க. உங்க எதிர்பார்ப்பு?"

"அறுபதாயிரங்க" என்றார் லிஃப்ட்காரர்.

ஒருவர் இருமினார். இன்னொருவர் தன் மனைவியை வெளியே அழைத்துப் போனார்.

செயலாளர் அருகில் வந்து, இறந்த வீட்டில் பேசுவதுபோல் விளக்கினார். இந்த மன்றத்தில் தொகையை யாரும் வாயால் சொல்வதில்லை. விற்பவர் ஒரு சீட்டில் எழுதி மடித்துப் பெட்டியில் போடுவார். வாங்குபவர் இன்னொரு சீட்டில் எழுதுவார். செயலாளர் மட்டும் தனியறையில் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, 'நெருக்கம்' என்பார் அல்லது 'தூரம்' என்பார். தூரம் என்றால் அடுத்த மாதம் மறுபடி. ஒரு வியாபாரம் இப்படி ஒன்பது வருடமாக நடக்கிறது. எழுதிப் போட்டவர் காலமாகிவிட்டார், இப்போது அவர் மகன் எழுதுகிறார்.

"போன மாசம் எப்படிங்க வந்துச்சு?" என்று லிஃப்ட்காரர் அக்கறையோடு கேட்டார்.

"தூரம்."

தலைவர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"ஐயா, தவறாக எடுத்துக்கொள்ளவேண்டாம். நாங்கள் வியாபாரிகள் அல்ல. பணத்தைப் பற்றி இங்கே யாரும் நினைப்பதில்லை. அதனால்தான் அதை இவ்வளவு கவனமாகப் பாதுகாக்கிறோம். வெளியே சைக்கிளை ஓட்டுகிறார்கள். ஓட்டுகிறவனுக்குச் சைக்கிளைப் பற்றி என்ன தெரியும்? அவனுக்குப் போகவேண்டிய இடம்தான் தெரியும். நான் நாற்பது வருடமாகச் சைக்கிளை நேசிக்கிறேன். ஒருமுறைகூட ஏறியதில்லை."

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது.

வண்டியைக் கழகத்தின் காப்பறையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வீட்டுக்கு எடுத்துப் போனால் ஓட்டத் தோன்றிவிடும் என்றார் செயலாளர். பிறகு ஒரு படிவம் கொடுத்தார். மூன்று பிரதிகள். பதினெட்டாவது கேள்வி: 'விற்பனைக்கான நோக்கத்தை முழுமையாக விவரிக்கவும்.' கீழே இருபது கோடுகள்.

லிஃப்ட்காரர் படிவங்களை மதிக்கிறவர். லிஃப்ட் அறிக்கையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் அவருடைய கம்பெனி சம்பளத்தைப் பிடித்துவிடும். இருபது கோடுகளையும் நிரப்பினார். அக்காவின் இடுப்பு. ஐம்பத்து நான்கு படிகள். தரைத்தள வீடு, பத்துக்குப் பன்னிரண்டு அறைகள் இரண்டு, கிழக்கே ஜன்னல், சுவரில் ஓதம் இல்லை, வாசல் அகலம் நாலடி, அட்வான்ஸ் இவ்வளவு, முப்பதாம் தேதி கெடு. இன்னும் ஒரு கோடு மிச்சமிருந்தது. வீட்டுக்காரரின் போன் நம்பரை எழுதினார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துரு நிபுணர் விசாரித்தார். பெயிண்ட் கம்பெனியின் தரச்சோதனைப் பிரிவில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்த அம்மையார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராகக் கேட்டார்.

"துரு எங்க?"

"எடுத்துட்டேங்க. சுத்தமா. ஒரு புள்ளி இல்லாம." லிஃப்ட்காரர் பாராட்டுக்குக் காத்திருந்தார்.

"எடுத்துட்டீங்கன்னு தெரியுது. எங்க வெச்சிருக்கீங்க?"

"எத?"

"துருவ."

"கூட்டி அள்ளிப் போட்டுட்டேங்க."

அம்மையார் நாற்காலியில் சாய்ந்தார். "நீங்க அள்ளிப் போட்டது துரு இல்ல. சாட்சி. அந்த வண்டி பட்ட பாடு முழுக்க அதுலதான் எழுதியிருந்துச்சு. நூத்துக்கு நாப்பது மதிப்பெண் அசல் துருவுக்கு. நீங்க ரெண்டு வருஷம் உக்காந்து, ஞாயித்துக்கிழமைகூட லீவு எடுக்காம, நாப்பது மதிப்பெண்ணத் தேய்ச்சு எடுத்திருக்கீங்க."

"துரு புடிச்சா பிரேம் ஒடஞ்சிடுங்களே?"

"ஒடையட்டுமே. அசலா ஒடையும்."

பரிகாரம் இருந்தது. கழகம் இரக்கமற்றதல்ல. காப்பறைக்குப் பின்னால் அம்மையார் ஒரு கொட்டகை நடத்துகிறார். அங்கே உப்புநீர் தெளித்து, ஈரச்சாக்கு போர்த்தி, துருவைப் பக்குவமாக வளர்ப்பார்கள். பின் மட்கார்டிலிருந்து தொடங்கலாம். பொன்னிறக் கோடு இருக்கும் இடத்தில் நன்றாகப் பிடிக்கும்.

லிஃப்ட்காரர் அன்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னார். அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள்.

"நல்லா இருக்கிற பொருளக் கெடுக்கிறதுக்கு ஒரு படிச்ச பொம்பளயா?"

"கெடுத்தாதான் விலையாம் அக்கா."

"அப்ப என்னையும் கூட்டிட்டுப் போடா. எட்டு மாசமா இங்க கெடந்து நல்லா பக்குவமாயிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. முப்பதாம் தேதிக்குப் பதினைந்து நாள் இருந்தது. சைக்கிள் இல்லாததால் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனார். ஒரு நாள் அவர் போய்ச் சேரும்வரை, ஐந்தாம் மாடியில் லிஃப்டுக்குள் வயதான தம்பதி ஒன்றே கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். கம்பெனி விளக்கம் கேட்டு எழுதியது. அந்தப் படிவத்தில் இரண்டு கோடுதான் இருந்தது.

*

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமைதான் சிக்கல் வந்தது. துரு நிபுணர் சாட்சி ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று, பெடல் அச்சு நுழையும் குழாயின் அடியில் பெயிண்டைச் சுரண்டியிருந்தார். நான்கு இலக்கங்கள் தெரிந்தன. செயலாளர் பேரேட்டைப் புரட்டினார். அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தலைவரின் வண்டிக்கு.

ஒரே எண்ணில் இரண்டு வண்டிகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்கள். உறுப்பினர்கள் வரிசையாக வந்து குனிந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்கள். லிஃப்ட்காரரும் குனிந்தார்.

பார்த்த நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. லிஃப்ட் மோட்டார்களில் போலி நம்பர் அடித்து விற்கிற கூட்டத்தை அவர் இருபது வருடமாகப் பார்க்கிறார். தொழிற்சாலையில் எண்ணை இயந்திரம் ஒரே அழுத்தத்தில் அடிக்கும். பெயிண்ட் பிறகுதான் வரும், இலக்கத்தின் பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்கும். அவருடைய வண்டியில் அப்படித்தான் இருந்தது. தலைவரின் வண்டியில் இலக்கங்கள் பெயிண்டை வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தன. கையால் உளி வைத்து அடித்தது. நாலு என்ற இலக்கம் பக்கத்து இலக்கத்தின் மேல் குடிகாரனைப்போல் சாய்ந்திருந்தது.

அவர் கட்டைவிரலால் அந்த நாலைத் தடவினார். பல் டாக்டர் அவர் முழங்கையைப் பிடித்து ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போனார்.

"கைய எடுங்க. உங்களுக்கு இப்பத் தெரிஞ்சது எனக்குப் பத்து வருஷமா தெரியும். இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப ஏன் சார் யாரும்..."

"அந்த நாலு சாஞ்சிருக்கிறதாலதான் நாங்கல்லாம் நிமிந்து நிக்கிறோம். அது போலின்னு சொல்லிட்டா, அத வெச்சுப் போட்ட விலை எல்லாம் போலி. என்னோட பதினொண்ணும் பழைய இரும்பு. அப்புறம் உங்களுக்குக் குடுக்கிற அறுபதுக்கு நான் எங்க போவேன்?" டாக்டர் திரும்பித் தலைவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வாயத் தொறக்காதீங்க. அடுத்த வாரம் முடிச்சுத் தரேன். உங்க அக்காவ நெனச்சுக்கோங்க."

லிஃப்ட்காரர் அக்காவை நினைத்துக்கொண்டார். தலைவர் மண்டபத்தின் நடுவிலிருந்து, "ஐயா, இந்த எண் விஷயமாக உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டபோது எல்லாத் தலைகளும் திரும்பின. கழகத்தின் நாற்பது வருடச் சொத்து அவருடைய நாக்கின் நுனியில் நின்றது.

"ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

செயலாளர் எழுதிக்கொண்டார். அன்றிரவு லிஃப்ட்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா என்ன என்று கேட்டாள். வேலையில் தொல்லை என்றார். அக்காவிடம் அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவளுக்கும் அது தெரிந்ததால் மேலே கேட்கவில்லை.

*

இருபத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு. தலைவர் நின்றுகொண்டு படித்தார்.

"இரண்டு வண்டிகளில் ஒரே எண் இருக்கிறது. அந்தக் காலத் தொழிற்சாலை தவறு செய்திருக்காது. இந்தக் காலக் கழகமும் தவறு செய்யாது. ஆகவே இரண்டும் அசல் என்று ஏகமனதாக முடிவு செய்திருக்கிறோம்."

பல் டாக்டர் லிஃப்ட்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். லிஃப்ட்காரருக்கு மூன்று வாரமாக அடைத்திருந்த மூச்சு வந்தது.

"ஆனால் ஒன்று இரண்டானால் அபூர்வம் பாதியாகிறது. இது எங்கள் விருப்பமல்ல, கணக்கு. இரண்டு வண்டிகளும் ஆளுக்குப் பாதி மதிப்பை இழக்கவேண்டும். கண்ணாடிப் பெட்டியில் இருப்பது கழகத்தின் அளவுகோல். அளவுகோல் சுருங்கினால் உலகமே சுருங்கும். எனவே அதன் பாதி இழப்பையும் சேர்த்துப் பின்னால் வந்த வண்டியே தாங்கிக்கொள்ளும். பாதியும் பாதியும் போக, பின்னால் வந்த வண்டியின் மதிப்பு சைபர். பெருமை முழுமையானது. எண் விஷயத்தில் மனுதாரருக்கு மறுப்பு எதுவும் இல்லை என்பது சென்ற வாரக் குறிப்பில் பதிவாகியுள்ளது. அவருடைய பெருந்தன்மைக்குக் கழகம் தலை வணங்குகிறது."

எல்லோரும் தலை வணங்கினார்கள். தடித்த தாளில் பொன்னெழுத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். சைபரைக் கையால், அழகாக எழுதியிருந்தார்கள்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவதற்குக்கூட கொஞ்ச காலம் பிடிக்கும். லிஃப்ட்காரர் பல் டாக்டரைத் தேடினார். அவரே கைகூப்பியபடி வந்தார்.

"மனசு கஷ்டமா இருக்கு. சைபர் மதிப்புள்ள வண்டிக்கு உறுப்பினர் பணம் குடுத்தா விதிமீறல். ஆனா தானமா வாங்கிக்கத் தடையில்ல. விதியப் படிச்சுப் பாத்துட்டேன்."

"என் வண்டிய உங்களுக்குச் சும்மா குடுக்கணுமா?"

"சும்மா இல்ல. மனசார."

லிஃப்ட்காரர் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். காப்பறைக்குப் போய் வண்டியை எடுத்தார். பின் மட்கார்டு முழுக்கச் செம்பழுப்பாகப் பூத்திருந்தது. கோடு இருந்த இடத்தில்தான் நன்றாகப் பிடித்திருந்தது. துரு நிபுணர் வாசல்வரை வந்து, "இன்னும் ரெண்டு வாரம் விட்டிருக்கலாம்" என்று வருத்தப்பட்டார்.

அவர் நேராகப் பழைய சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். "அருமையான வண்டி. இப்படித் துரு புடிக்க விட்டுட்டீங்களே? நாலாயிரம் தரலாம்."

முப்பதாம் தேதி காலை, அந்த நாலாயிரத்தோடும் கம்பெனியில் கெஞ்சி வாங்கிய முன்பணம் முப்பதாயிரத்தோடும் வீட்டுக்காரரைப் பார்த்தார். மீதியை இரண்டு மாதத்தில் தருவதாகச் சொல்ல, வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்திருந்தார். வீட்டுக்காரர் சொல்ல விடவில்லை. கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப நன்றிங்க. நேத்து சாயங்காலம் கையெழுத்தாயிடுச்சு. மூணு வருஷ வாடகைய மொத்தமா குடுத்துட்டாங்க. நல்ல பார்ட்டி. சமையல் இல்ல, துணி காயப்போடுறது இல்ல, சத்தம் இல்ல."

"யாருங்க?"

"உங்க சைக்கிள் கழகம்தான். மாடியில ஏத்தி எறக்கினா வண்டிக்கு ஆகாதாமே. ஓதம் இல்லாத தரைத்தளமா ரொம்ப நாளா தேடிட்டிருந்தாங்களாம். அளவு, ஜன்னல், என் நம்பர் எல்லாம் நீங்களே எழுதிக் குடுத்ததா அந்த செயலாளர் சொன்னார். நான் முப்பதாம் தேதி வரைக்கும்னு சொன்னேன், இல்லேங்கல. ஆனா வேண்டாம்னுட்டு நீங்களே ஆள் அனுப்பினதாதானே நான் நெனச்சேன்?"

அவர் ஐம்பத்து நான்கு படிகள் ஏறினார். அக்கா கதவருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பை. இரண்டு புடவையும் மருந்துகளும் எடுத்து வைத்து, காலையிலேயே தயாராகிவிட்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். சாய்ந்த நாலையும் சொன்னார்.

"காரணம் கேட்டா, அக்காவுக்கு முடியலன்னு ஒரு வரி எழுத வேண்டியதுதானே? வீட்டோட அளவையுமா எழுதுவ?"

"கோடு இருந்துச்சு அக்கா."

அக்கா பையை அவர் பக்கம் தள்ளினாள். திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழகம் குடிவந்தது. வேன்களிலிருந்து சைக்கிள்கள் கம்பளியில் சுற்றி இறங்கின. ஒரு வண்டிக்கு ஆறு பேர், வெள்ளைக் கையுறையோடு. வாசலில் இருந்த அந்த ஒற்றைப் படி பெரிய பிரச்சினையானது. அதிர்வு எவ்வளவு இருக்கும் என்று இருபது நிமிடம் விவாதித்து, பலகை போட்டு, பலகைமேல் மெத்தை போட்டு, "மெதுவா... மெதுவா... மூச்சப் புடிங்க" என்று ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். மூன்றாம் மாடி வராந்தாவிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரரைச் செயலாளர் கீழே கூப்பிட்டிருந்தார். அறையில் ஈரப்பதமானி பொருத்தவேண்டும். இந்த மாதிரி வேலை அவருக்குத் தெரியும் என்று கழகம் நம்பியது. அவர் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். தலைவர் வாசலில் நின்று உரையாற்றினார்.

"மனிதர்கள் எங்கே வேண்டுமானாலும் இருந்துகொள்வார்கள். மாடியில் இருப்பார்கள், படியில் இருப்பார்கள், பழகிக்கொள்வார்கள். இவை அப்படியல்ல. இவற்றுக்கு யாரும் இல்லை. நம்மை விட்டால்..."

உரை பாதியில் நின்றது. படிக்கட்டிலிருந்து தொப், தொப் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. சற்று நேரமாகவே வந்திருக்கிறது. துளை போடும் சத்தத்தில் லிஃப்ட்காரருக்குக் கேட்கவில்லை. அவர் ஓடிப்போய்ப் பார்த்தார். அக்கா முதல் மாடித் திருப்பத்தில் இருந்தாள். உட்கார்ந்த வாக்கில், இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பை ஒரு படி கீழே இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி ஒரு படி. முகம் வியர்வையில் நனைந்திருந்தது. புடவையெல்லாம் படிப்புழுதி.

"அக்கா, என்ன பண்ற நீ? இரு, நான் வரேன்!"

"கிட்ட வராத. பாதிக்கு மேல எறங்கிட்டேன்."

கையுறை போட்ட ஆறு பேரும் ஒரு சைக்கிளை இடுப்பு உயரத்தில் பிடித்தபடி நின்றார்கள். அதைக் கீழே வைக்க அவர்களுக்கு உத்தரவு இல்லை. கடைசிப் படியில் அக்கா உட்கார்ந்தாள். கம்பைக் கொண்டுவரவில்லை. தம்பியின் தோளைப் பிடித்து எழுந்து, நாலடி வாசலைத் தாண்டி உள்ளே வந்து, துரு நிபுணரின் மடக்கு நாற்காலியில் அமர்ந்தாள். கிழக்கு ஜன்னலைப் பார்த்தாள். நல்ல வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

செயலாளர் பதறினார். "அம்மா, இது வண்டிங்களுக்கு மட்டுமான அறை. இங்க ஆளுங்க அதிக நேரம் மூச்சு விடக் கூடாது. அசல் பழைய உருக்குக்கு மட்டும்தான் அனுமதி."

"உருக்குதானே?" அக்கா இடுப்பில் உள்ளங்கையால் தட்டினாள். "இதுக்குள்ள இருக்கு, ஒரு சாண் கம்பி. நம்பரும் போட்டிருக்கு, ஆஸ்பத்திரி சீட்டுல பாரு. பெயிண்ட் அடிக்கல. யாரும் தொட்டதில்ல. எட்டு மாசமா ஓட்டாம, மூணாவது மாடியில, ஆடாம அசையாம வெச்சிருந்தேன். சொல்லுங்கப்பா, உங்க கணக்குல நான் எவ்வளவு பெறுவேன்?"

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் அக்காவின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரு நிபுணர் தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்தார். "எந்த வருஷத்து எண்?" என்று பின்னாலிருந்து பல் டாக்டர் மெல்லக் கேட்டார். அவர் கேலி செய்யவில்லை.

லிஃப்ட்காரர் மட்டும் வாசலுக்கு வெளியே, படிக்கட்டைப் பார்த்தபடி நின்றார். இறங்கி வந்த அத்தனை படிகளும் அங்கேதான் இருந்தன. பொழுது சாய்வதற்குள் அக்காவை மேலே கொண்டுபோகவேண்டும். ஆறு பேருடைய கையும் இன்னும் சைக்கிளில் இருந்தது.